வேண்டாத இடத்தில் போட்ட பந்தல்

போன வாரம் இந்தப் பக்கத்தில் என்னைக் காணவில்லையே என்று உங்களில் சிலர் பத்திரிகை ஆபீசுக்கே வந்து கேட்டீர்களாம். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. ஒரு கருமாதிக்குப் போயிருந்தேன்.

செத்தவர் என் அக்கா புருஷன். ஏழுமலை என்று பேர். எங்கள் ஊருக்கு உத்திரமேரூரில் இறங்கி, திருப்புலிவனம் தாண்டி உள்ளே போகவேண்டும். ஊர்ப் பேர் எழுதமாட்டேன். நான் மெட்ராசில் உட்கார்ந்துகொண்டு வீரமாக எழுதிவிடலாம்... அடி அங்கே இருப்பவர்களுக்குத்தான் விழும்.

மாமா எப்படிச் செத்தார்? சுவர் விழுந்து செத்தார்.

யார் கட்டின சுவர்? கவர்மெண்ட் கட்டிக்கொடுத்த சுவர்.

ஏன் விழுந்தது? அதைத்தான் இந்த வாரம் சொல்லப்போகிறேன். சிரிப்பதற்கு இதில் ஒன்றும் இருக்காது. சிரிக்கவேண்டும் என்கிறவர்கள் இப்போதே அடுத்த பக்கம் போய்விடுங்கள்.

சில வருஷங்களுக்கு முன்னால் எங்கள் காலனிக்குத் தொகுப்பு வீடு வரப்போகிறது என்று சேதி வந்தது. காலனி என்பது சர்க்கார் வைத்த பேர். ஊர்க்காரர்கள் வாயில் அது இன்னும் சேரிதான். அங்கே மாரியம்மனைக் கும்பிடுகிற வீடும் உண்டு, மாதாவைக் கும்பிடுகிற வீடும் உண்டு. நிலம்தான் ரெண்டு பேருக்கும் கிடையாது. எல்லாரும் ஊர்க்காரர்கள் நிலத்தில் நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவர்கள். எல்லாருக்கும் ஓலைக் குடிசை.

சரி, வீடு வருகிறது. எங்கே கட்டுவது?

ரெண்டு புறம்போக்கு இருந்தது. ஒன்று களத்துமேடு. நல்ல உயரமான இடம். அறுப்புக் காலத்தில் ஊர்க்காரர்கள் அங்கே நெல் அடிப்பார்கள். மற்ற மாசமெல்லாம் அங்கே கழுதை படுத்திருக்கும்.

இன்னொன்று கோரைப்பள்ளம். ஏரி நிரம்பினால் தண்ணீர் வழிந்து போகிற ஓடைக்குப் பக்கத்தில் இருக்கிறது. கோரை எங்கே முளைக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஐப்பசியில் மாட்டை அந்தப் பக்கம் ஓட்டினால் மாடே இறங்காது, திரும்பிக்கொள்ளும். மாட்டுக்குத் தெரிந்த விஷயம்!

பஞ்சாயத்து பிரசிடெண்ட் கோரைப்பள்ளம் என்றார். அவர் பெரிய நிலக்காரர். களத்துமேட்டில் முதல் நெற்போர் அவருடையதுதான் ஏறும்.

"களத்த உங்ககிட்ட குடுத்துட்டு நெல்ல எங்கடா அடிக்கிறது? உங்க முதுகு மேலயா?" என்றார்.

"முதுகு மேல அடிச்சிக்கினுதானங்க கீறீங்க. புச்சா இன்னா?" என்றான் அந்தோணி.

அந்தோணி டிராக்டர் ஓட்டுகிறவன். வாய் கொஞ்சம் நீளம். அவன்தான் வீட்டுக்கு ஓர் ஆள் என்று காலனியைத் திரட்டினான். சாயங்காலமானால் புளியமரத்தடியில் உட்கார்ந்து பேசினார்கள். நான் லீவுக்குப் போகும்போதெல்லாம் அந்தக் கூட்டத்தில் போய் உட்கார்வேன். சும்மா சொல்லக்கூடாது — பொம்பளைகள்தான் அதிகம் பேசினார்கள். வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் குழந்தையையும் பானையையும் தூக்குகிறவர்கள் அவர்கள்தானே?

முடிவு என்ன? கொடுத்தால் களத்துமேட்டில் வீடு. இல்லையென்றால் வீடே வேண்டாம்.

அத்தனை பேரும் உத்திரமேரூருக்கு நடந்தே போய் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்தார்கள். எந்த ஆபீஸ், ஆபீசர் பேர் என்ன — அதையும் எழுதமாட்டேன். அந்த ஆளுக்கும் பெண்டாட்டி பிள்ளை இருக்கும்.

ஊர்க்காரர்கள் சும்மா இருப்பார்களா? அந்த நடவுக்கு வெளியூரிலிருந்து ஆள் கூட்டிவந்தார்கள். காலனியில் ஒருத்தருக்கும் வேலை இல்லை. கீரையைக் கிள்ளி வேகவைத்துக் குடித்துக்கொண்டு கிடந்தார்கள். அப்படியும் ஒருத்தர்கூட விட்டுக்கொடுக்கவில்லை. இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் சனம் பயந்து தோற்கவில்லை.

பிறகு எப்படித் தோற்றார்கள்? மரியாதையில் தோற்றார்கள்.

ஆபீசர் கடைசியில் இறங்கி வந்தார். "நானே வந்து இடத்தைப் பார்க்கிறேன். உங்கள் ஆட்சேபணையை நேரில் சொல்லுங்கள்" என்று நாள் சொல்லிவிட்டார். கத்திரி வெயில் காலம். கோரைப்பள்ளம் வெடித்துப் பாளம் பாளமாகக் கிடந்தது. முதலில் அங்கே நிறுத்தி வேண்டாம் என்று சொல்வது, அப்படியே களத்துமேட்டுக்கு அழைத்துப்போய் இதைக் கொடு என்று கேட்பது. அந்தோணி எல்லாருக்கும் பாடம் மாதிரி சொல்லிக்கொடுத்திருந்தான்.

நான் காலை பஸ்சில் போய் இறங்கினேன். கோரைப்பள்ளத்தைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

பந்தல்!

மூங்கில் நட்டு, பனையோலை வேய்ந்து, ரெண்டு பக்கமும் வாழை மரம். மாவிலைத் தோரணம். கீழே சாணி தெளித்துப் பெரிதாக ஒரு கோலம். நடுவில் நாற்காலி. காலனியில் ஏது நாற்காலி? பள்ளிக்கூடத்து வாத்தியார் நாற்காலியைக் கேட்டு வாங்கி வந்திருந்தார்கள். எங்கள் சொம்புத் தண்ணீரை வருகிறவர்கள் குடிக்கமாட்டார்கள், அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவேண்டியதில்லை. அதனால் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து கோலி சோடா வந்து ஈரக் கோணியில் படுத்திருந்தது.

என் மாமா ஏழுமலை பந்தல்காலில் ஏறித் தொற்றிக்கொண்டு கடைசி முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தார். காலனியில் கல்யாணமோ, காதுகுத்தோ, சாவோ — பந்தல் அவர் கைதான். அவர் கட்டினது ஆடாது.

"இன்னா மாமா இது?"

"நெழலுடா. வேற இன்னா?"

"இந்த எடம் வாணாம்னு சொல்லத்தான அந்த ஆள வரச் சொன்னோம்?"

"சொல்லுவோம். அதுக்கோசரம்? வந்த மனுசன வெயில்ல நிக்க வெச்சிக்கினா சொல்றது? தல சுத்தி வுழுந்துட்டா பேஜாராப் பூடும். நெழல்ல குந்த வெச்சி, ஒரு சோடா குட்த்து, அப்பறமா வாணாம் சார்னு சொன்னா... மனுசன்னா கேப்பான்டா."

நான் அந்தோணியைப் பார்த்தேன். அவன் கையில் சாமந்தி மாலை!

"டேய், நீயுமாடா?"

"ஒண்ணுமே இல்லாம இன்னான்னு கூப்புடறது? நம்ம எடத்துக்கு வராங்க. காலனிக்காரனுங்களுக்கு மட்டு மருவாத தெரிலன்னு பிரசிடெண்டு சொல்லிக்கினு திரிவாரு."

எங்கள் காலனிக்குள் எந்த ஆபீசரும் காலை வைத்தது கிடையாது. முதல் முதலாக ஒருத்தர் வருகிறார். சண்டை போடக் கூப்பிட்டிருந்தாலும் அவர் விருந்தாளி. நம் ஜாதி சனத்துக்கு இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது? வேண்டாத சம்பந்தம் பேச வந்தவனுக்கும் இலை போட்டுவிட்டுத்தான் வேண்டாம் என்போம்.

ஜீப் வந்தது. ஆபீசர் இறங்கினார். கூடவே பிரசிடெண்ட்.

பிரசிடெண்ட் பந்தலைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு அப்போது புரியவில்லை.

அந்தோணி மாலை போட்டான். ஆபீசர் உட்கார்ந்தார். சோடாவைக் குடித்தார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு மேலே ஓலையைப் பார்த்தார், கீழே கோலத்தைப் பார்த்தார். ரொம்ப சந்தோஷம் அவருக்கு.

"பேஷ். இவ்வளவு அழகா ஏற்பாடு பண்ணியிருக்கீங்க. அப்புறம் என்ன ஆட்சேபணை?"

"சார், எங்களுக்கு இந்த எடம் வாணாம் சார்" என்றான் அந்தோணி.

ஆபீசர் முகம் மாறியது. கோபமில்லை. ஆச்சரியம்தான்.

"வேண்டாத இடத்தில் யாராவது பந்தல் போடுவாங்களா? வாழை கட்டி, கோலம் போட்டு... என்னப்பா விளையாடறீங்க?"

அவ்வளவுதான். அந்தோணியின் நீள நாக்கு எங்கே போனதோ! மரியாதைக்குப் போட்ட பந்தல், சம்மதத்துக்குப் போட்டது இல்லை என்று ஒருத்தருக்கும் சட்டென்று சொல்ல வரவில்லை. ரெண்டுக்கும் நடுவில் வித்தியாசம் இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும். அதை எடுத்துச் சொல்கிற நிலைமை அதுவரைக்கும் யாருக்கும் வந்ததில்லையே?

பிரசிடெண்ட் விடுவாரா?

"அதுங்களுக்கு வெக்கம் சார். வாய்ல வாணாம்னுங்க, மனசுல வோணும். பந்தலும் கீது, நாளும் நல்லா கீது. ஒரு கல்லு நட்டு பூஜைய போட்டுடலாமா?"

தேங்காய்க்கு ஆள் பறந்தது. வயல் வரப்பில் கிடந்த ஒரு செங்கல் வந்தது. மஞ்சள் தடவினார்கள். கற்பூரம் ஏற்றினார்கள். கற்பூரத்தைப் பார்த்ததும் எங்கள் பொம்பளைகள் என்ன செய்தார்கள் தெரியுமா? கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்! பழக்கம்! என் அக்கா மரகதம் ஒருத்திதான் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"இன்னாம்மே, சாமி கும்புடு" என்றார் மாமா.

"கோரப்பள்ளத்து சாமி ஐப்பசி மயக்காலத்துல வரும். அப்பக் கும்புட்டுக்கறேன்" என்றாள்.

ஜீப் போனபிறகு காலனிக்குள்ளேயே சண்டை. பூஜை போட்ட இடத்தை வேண்டாம் என்றால் தெய்வக் குத்தம் என்றது ஒரு கட்சி. "எனக்கு இன்னா தெய்வக் குத்தம்? நா ஒத்துக்க மாட்டேன்" என்றான் அந்தோணி. "நீதான மால போட்ட?" என்று கேட்டார்கள். அவன் எழுந்து போய்விட்டான். அதோடு புளியமரத்தடிக் கூட்டம் கலைந்தது. ஊர்க்காரர்கள் வேலைக்கும் கூப்பிட்டுவிட்டார்கள். எல்லாம் சுபம்!

வீடு வந்தது. நாலு செங்கல் சுவர், மேலே ஓடு. சிமெண்டு பூச்சு வெளியில் தெரிகிற இடத்தில் மட்டும். உள்ளே கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் மண். அதுவும் கோரைப்பள்ளத்து மண்ணேதான்.

அக்காவைச் சொல்லவேண்டும். வேண்டாம் என்று நின்றவள், குடிபோன அன்றைக்குச் சுவரைத் தடவித் தடவிப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து ஓலையைத்தான் பார்த்திருக்கிறாள். "நல்லாத்தான்டா கீது" என்றாள் என்னிடம். பாவி, சந்தோஷப்பட்டுவிட்டாள்.

முதல் மழைக்கே தண்ணீர் வாசப்படி ஏறியது. அடுத்த வருஷம் உள்ளே வந்தது. சுவர் இடுப்பளவு ஊறி, காய்ந்து, மறுபடியும் ஊறி... மழைக்காலம் முழுக்க பானை பரணில், குழந்தை தோளில்.

இந்த வருஷம் ஏரி நிரம்பி வழிந்துவிட்டது. விடிந்து பார்த்தால் கோரைப்பள்ளம் முழுக்க வெள்ளம். எல்லாரும் ஓடினார்கள். எங்கே? களத்துமேட்டுக்குத்தான். வேறு எங்கே ஓடுவது? கேட்ட இடம் கடைசியில் கிடைத்தது பாருங்கள்... இப்படிக் கிடைத்தது!

மேட்டில் ஒதுங்க ஒரு மரம் இல்லை. மழை விடவில்லை. கைப்பிள்ளைக்காரிகள் முந்தானையைப் பிள்ளைமேல் போட்டுக்கொண்டு நின்றார்களாம். மாமா கொஞ்ச நேரம் பார்த்திருக்கிறார். பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிற ஆள் இல்லையே அவர்?

"மூங்கிலும் கவுறும் வூட்டுல கீது. எட்த்தாந்து ஒரு பந்தல் போட்டுட்றேன்" என்று இறங்கியிருக்கிறார்.

"வாணாம்யா, நில்லுய்யா" என்று அக்கா கத்தியிருக்கிறாள். அதற்குள் அவர் இடுப்பளவு தண்ணீரில் பாதி தூரம் போய்விட்டார்.

வீட்டுச் சுவரில் சாய்த்து வைத்திருந்த மூங்கிலை உருவியிருக்கிறார். சுவர் அவர்மேல் சாய்ந்தது.

அவரை வெளியே எடுத்தபோது கையில் கயிறு இருந்தது என்று அந்தோணி சொன்னான். அதற்குமேல் அவனைக் கேட்கவில்லை.

கருமாதிக்குப் போனேன் என்றேனே? களத்துமேட்டில்தான் நடந்தது. கீழே இன்னும் தண்ணீர் வற்றவில்லை. மறுநாள் ஆபீசர் சேதம் பார்க்க வருகிறார் என்று தண்டோரா வந்தது. அதே ஆபீசர்தான்.

புளியமரத்தடிக் கூட்டம் திரும்பவும் மேட்டில் கூடியது. அக்கா வந்து நடுவில் உட்கார்ந்தாள். தாலி அறுத்தவள் இப்படிச் சபையில் வந்து உட்காருவதா என்று ஒரு பெரியவர் முனகினார்.

"மூலைல குந்த வேண்டியவ நீ."

"எந்த மூலைல குந்தறது பெர்ப்பா? மூலையே வுழுந்து பூட்ச்சே."

அதற்குமேல் அவள்தான் பேசினாள். பந்தல் கிடையாது. கோலம் கிடையாது. மாலை கிடையாது. சோடா கிடையாது. நம் ஆட்கள் மேட்டிலிருந்து ஒருத்தரும் இறங்கி ஜீப்புக்கு எதிரே ஓடக்கூடாது.

பெரியவருக்கு மனசு கேட்கவில்லை. "வந்த மனுசன நிக்க வெச்சே பேசறது நம்ம வயக்கம் இல்லம்மா..."

அக்கா அந்தோணி பக்கம் திரும்பினாள்.

"சரி. அந்தப் பள்ளிக்கூடத்து நாற்காலிய மட்டும் எட்த்துக்கினு வா அந்தோணி. நாந்தான் பேசுவேன்."

மறுநாள் ஜீப் கரைமேலேயே நின்றுவிட்டது. ஆபீசர் பேண்டை முழங்கால் வரைக்கும் சுருட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். பின்னால் பிரசிடெண்ட் குடை பிடித்துக்கொண்டு வந்தார். விழுந்த வீட்டுக்கு எதிரே அக்காவும் அந்தோணியும் நானும் நின்றோம். மற்றவர்கள் மேட்டிலிருந்து பார்த்தார்கள். அந்தோணி தலைமேல் நாற்காலி.

ஆபீசர் சுவரைப் பார்த்தார்.

"வீட்டைச் சரியா பராமரிக்கலை போலிருக்கே?"

இதுதான் அவர் சொன்ன முதல் வார்த்தை. செத்தவருக்கு ஒரு 'த்சொ' கூட இல்லை! நான் வாயைத் திறக்கப் போனேன். அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

முழங்கால் தண்ணீரில் எவ்வளவு நேரம் நிற்பார்? அவர் கண் நாற்காலிமேல் போனது.

"அதைப் போடுப்பா."

அந்தோணி அசையவில்லை. அக்கா ஓர் அடி முன்னால் வந்தாள்.

"எங்க போடறது சார்?"

"என்னம்மா?"

"நாற்காலிய எங்க போடறதுன்னு கேட்டேன். எடம் பாக்கறது உங்க வேலைதான? அன்னிக்குப் பாத்து சொன்னீங்க, வூடு கட்டனாங்க. இன்னிக்கும் பாத்து சொல்லுங்க, நாற்காலி போடறோம்."

ஆபீசர் நாலு பக்கமும் பார்த்தார். உண்மையாகவே இடம் தேடினார் — அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. பார்த்த பக்கமெல்லாம் தண்ணீர். பிரசிடெண்ட் குடைக்குள் முகத்தை வைத்துக்கொண்டார்.

"சரி... மேட்டுல போய்ப் பேசலாம்" என்றார் ஆபீசர் கடைசியில்.

"அதத்தான் சார் நாங்க அன்னிக்கே சொன்னோம்" என்றாள் அக்கா.

மேட்டுக்குப் போனோம். நாற்காலி போட்டோம். உட்கார்ந்தார். பிறகு? மேலிடத்துக்கு எழுதுகிறேன் என்றார். களம் ஊர்ச் சொத்து என்றார் பிரசிடெண்ட். தை பிறந்தால் நெல் வரும், அதற்குள் காலி பண்ணவேண்டும் என்றார். ஒருத்தரும் பண்ணமாட்டோம் என்று அந்தோணி சொன்னான். தையில் என்ன நடக்கும்? எனக்குத் தெரியாது. நல்லது நடக்கும் என்று எழுதினால் அது பொய்.

மேட்டில் இப்போது வரிசையாக ஓலைப் பந்தல் நிற்கிறது. அவரவர் கைக்கு வந்தபடி கட்டிக்கொண்டது. எல்லாம் காற்றுக்கு ஆடுகிறது.

உங்கள் ஊருக்கும் ஒருநாள் யாராவது இடம் பார்க்க வருவார்கள். வெயிலில் நிற்க வையுங்கள்.